சூரைச்செடி நிழலில்: கோவைக் கல்லூரிகளில் விசுவாசமும் மனநலமும்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் விசுவாசத்தை அளவு சொல்லியே பேசிப் பழகியவர்கள். விசுவாசம் பெருகியது, தளர்ந்தது, கடுகளவு இருந்தது என்பார்கள். மனச்சோர்வில் விழும் கல்லூரி மாணவரும் தன்னை முதலில் இந்த அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்கிறார். தூக்கம் போய்விட்டது, பசி இல்லை, புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி ஏறவில்லை. விசுவாசம் குறைந்ததால் இப்படி ஆனதோ? உடம்புக்கும் மூளைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற எண்ணம் பல மாதம் கழித்தே வருகிறது. வீட்டாருக்கு வர இன்னும் தாமதமாகும். கோவையிலும் கொங்கு மாவட்டங்களிலும் படிக்கும் கிறிஸ்தவ மாணவர்களுக்கு விசுவாசமும் மனநலமும் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இந்தத் தாமதம்தான்.

கோவைக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஆடிஸ் 1830இல் இங்கே வந்து தங்கிப் பணியைத் தொடங்கினார். கத்தோலிக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே கருமத்தம்பட்டிப் பக்கம் வேர் விட்டிருந்தது. ரேஸ் கோர்ஸ் ஆல் சோல்ஸ் ஆலயம், பெரிய கடைவீதி புனித மிக்கேல் பேராலயம், புலியகுளம் அந்தோணியார் கோயில் எல்லாம் வழி சொல்லும்போது அடையாளமாகச் சொல்லப்படும் இடங்கள். பெண்களுக்கான நிர்மலா கல்லூரி 1948இல் தொடங்கியது. சிறுவாணி சாலையில் மலையடிவாரத்தில் காருண்யா 1986இல் வந்தது. ஆனால் கிறிஸ்தவ மாணவர் எல்லாரும் கிறிஸ்தவக் கல்லூரிகளில் படிப்பதில்லை. பீளமேடு, சரவணம்பட்டி, பெருந்துறை என்று எங்கும் பரவியிருக்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரியிலிருந்து வந்தவர்கள் உண்டு; கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஊரில் தாத்தா காலத்திலிருந்து ஒரே ஆலயம், ஒரே பெஞ்சு. இங்கே ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ் ஏறி எந்த ஆராதனைக்குப் போவது என்பதே முதல் மாதத்துக் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை தருவது மாணவர் ஐக்கியங்கள். கத்தோலிக்க மாணவர்களுக்கு 1924இல் தொடங்கிய அய்க்கஃப் இயக்கம் இருக்கிறது. சீர்திருத்த சபை மாணவர்கள் பலர் 1954இல் உருவான யு.இ.எஸ்.ஐ. அமைப்பின் கல்லூரிக் கிளைகளில் கூடுகிறார்கள்; பெந்தெகொஸ்தே சபைகளுக்குத் தனி வாலிபர் கூட்டங்கள் உண்டு. வாரம் ஒரு மாலை, கிட்டார், நான்கைந்து பாட்டு, ஜெபக் குறிப்புகள், கடைசியில் டீ. வீட்டை விட்டு வந்த பதினெட்டு வயதுக்கு இது சிறிய உதவி அல்ல. இரண்டு நாள் மெஸ்ஸுக்கு வராதவரைத் தேடி அறைக்கதவைத் தட்ட ஓர் ஆள் இருக்கிறது. "என்னங் கண்ணு, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று கேட்கும் ஹாஸ்டல் அம்மாவும் அந்த ஐக்கியத்து அண்ணனும் பல நேரம் எந்த மருத்துவரும் பார்ப்பதற்கு முன்பே நோயைப் பார்த்துவிடுகிறார்கள். பார்த்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கொங்குப் பகுதிக் கிறிஸ்தவ மாணவரில் ஒரு பகுதியினருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இதை சபைகளிலும் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆனால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அதனால் சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதமுமாக, சில வீடுகளில் இரண்டு பெயர்களுமாக வாழ்க்கை ஓடுகிறது. கல்விக் கட்டணமும் வேலையும் அந்தச் சான்றிதழில் தொங்கும்போது, மேடையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னால் ஒரு மாணவருக்கு வியர்க்கும். அந்த வியர்வையை ஆவிக்குரிய தயக்கம் என்று பெயரிடுவது எளிது, பொருத்தமில்லாததும்கூட. இந்தச் சிக்கலை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையம் அமைக்கப்பட்டது.

ஏன் இந்த வயதில்

மனநோய்கள் வயதான பிறகு வருபவை என்ற நம்பிக்கை தவறு. அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. கல்லூரி ஆண்டுகள் அந்தக் கணக்கின் நடுவில் வருகின்றன. கொங்கு நாட்டில் இதோடு இன்னொன்று சேர்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகள் தமிழ்நாடு முழுவதற்கும் மதிப்பெண் விளைவித்துக் கொடுத்தவை. விடிவதற்கு முன் எழுந்து இரவு வரை பாடம், தேர்வு, மறுபடி தேர்வு. 'பிராய்லர் பள்ளி' என்ற கேலிப் பெயர் சும்மா வந்ததல்ல. அந்த ஒழுங்கில் இரண்டு ஆண்டு இருந்த மாணவர் கல்லூரிக்கு வந்ததும் யாரும் எழுப்பாத காலையைச் சந்திக்கிறார். முதல் பருவத்தில் ஓர் அரியர் விழுகிறது. பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பெயருக்கு அது அவமானம். வீட்டில் சொல்ல முடியாது. கிறிஸ்தவ வீட்டில் இதற்கு மேல் ஒரு வரி கூடுகிறது: பரீட்சைக்கு முன் குடும்பமே உபவாசம் இருந்து ஜெபித்தது. தோற்றது தேர்வில் மட்டுமா என்ற ஐயம் அங்கே தொடங்குகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, அந்த ஒரே ஆண்டில் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகப் பதிவு செய்கிறது. பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இடம்பெற்றது. வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் மனநலக் கோளாறு இருப்பதாக அது கண்டது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதோர், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு வரை.

மேடையில் சொல்லப்படும் கதை

கோவைக் கிறிஸ்தவ மாணவர் உலகில் இந்தப் பொருளைத் தொடும் மிகப் பெரிய கதை காருண்யாவின் நிறுவனருடையது. சுரண்டையில் 1935இல் பிறந்த டி. ஜி. எஸ். தினகரன், இளம் வயதில் வேலையில்லாமல், வறுமையில் மனம் உடைந்து, 1955இல் உயிரை விட்டுவிடுவது என்று புறப்பட்டார். வழியில் கண்ட உறவினர் ஒருவர் நிறுத்திப் பேசினார். கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னார். தினகரன் திரும்பி வந்தார், வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார், பிறகு 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைக் கட்டினார். இதை அவர் பல ஆண்டுகள் மேடைகளில் தாமே சொல்லிவந்தார். 1986இல் மகள் ஏஞ்சலைச் சாலை விபத்தில் இழந்தார். அதே ஆண்டில் கல்லூரி தொடங்கியது. அவருடைய ஊழியத்தின் ஜெப கோபுரங்களில் இரவு பகலாகத் தொலைபேசியில் அழைத்தோருக்காக ஜெபித்தார்கள். அரசு மனநல உதவி எண் என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே, நள்ளிரவில் அழும் ஒருவருக்கு எதிர்முனையில் ஒரு குரல் அங்கே கிடைத்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, ஓர் ஆள் வழிமறித்ததுதான். தனியாகப் போய்க்கொண்டிருந்தவரை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நின்று பேச ஒருவருக்கு நேரம் இருந்தது. தற்கொலைத் தடுப்பில் இன்று சொல்லப்படும் முதல் பாடமும் இதுவே: நேரடியாகக் கேள், தனியாக விடாதே. ஆனால் மேடையில் சொல்லும்போது அந்த உறவினரின் பங்கு ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட, அற்புதம் மட்டும் நிலைத்துவிடுகிறது. கேட்கும் மாணவருக்கு ஒரு மாலையில் எல்லாம் மாறும் என்ற எதிர்பார்ப்பு உருவாகிறது. தனக்கு மாறவில்லை என்றால் தன்னிடம்தான் பழுது.

சாட்சி என்ற வடிவமே அப்படிப்பட்டது. இருள், திருப்பம், வெளிச்சம் என்ற மூன்று படிகள். இரண்டாம் படியிலேயே எட்டு மாதமாக நிற்பவருக்கு அங்கே சொல்ல இடமில்லை. வேதாகமம் இதைவிடத் தாராளமானது. சங்கீதங்களில் பெரும் பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றைக் கடைசியில் ஒட்டிவைக்கவில்லை. தமிழ்க் கத்தோலிக்கத்தில் தபசுக் கால வியாகுலப் பிரசங்கம் என்று ஒரு மரபே உண்டு. இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியதாகச் சொல்லப்படும் அந்த உரைநடை, ஊர்கூடி அழுவதற்காகவே வாசிக்கப்படுவது. தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலத்துக்கு 1950இல் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்தவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் அவர் ஆங்கிலத்தில் நூல் எழுதினார்; தமிழ்ப் பக்திக் கவிஞர்களை ஆழ்ந்து படித்தவர். பக்தி மரபில் அடியவர் கடவுளிடம் ஊடுவார், குறை சொல்வார், ஏன் கைவிட்டாய் என்று கேட்பார். அதனால் பக்தி குறைந்ததாக யாரும் எண்ணியதில்லை. அப்பாசாமி பெயரால் ரேஸ் கோர்ஸில் இன்று ஒரு கல்லூரி நடக்கிறது. மகிழ்ச்சியாக மட்டுமே பாடத் தெரிந்த சில வாலிபர் ஆராதனைகள் இந்த மரபுகளுக்கு எல்லாம் மிகவும் பிந்தியவை.

எலியாவின் கதையை இந்தப் பொருளில் போதகர்கள் அடிக்கடி எடுப்பதுண்டு, பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற தீர்க்கதரிசி, அதையடுத்து உயிருக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடி, சூரைச்செடி ஒன்றின் கீழ் படுத்து, சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. தூங்கவிடுகிறான். எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி உணவு கொடுக்கிறான். கடவுளோடு உரையாடல் நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான் வருகிறது. தூக்கம், உணவு, நடை, பிறகு பேச்சு என்ற இந்த வரிசை இன்றைய மனநல மருத்துவர் ஒருவர் எழுதும் சீட்டுக்கு வெகு தூரமில்லை.

பெயர் மாறிப் போகும் நோய்கள்

சபைப் பேச்சில் மனநோய்கள் வேறு பெயரில் உலவுகின்றன. மனச்சோர்வு 'பின்மாற்றம்' ஆகிறது. வேதம் வாசிக்க முடியவில்லை, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை, ஆராதனையில் ஒன்றும் தோன்றவில்லை என்பவை மனச்சோர்வின் அறிகுறிகள்: கவனம் குலைவதும், முன்பு பிடித்ததில் இன்பம் அற்றுப்போவதும். கிரிக்கெட் பிடிக்காமல் போனால் நோய் என்று ஒப்புக்கொள்ளும் வீடு, ஜெபம் பிடிக்காமல் போனால் பாவம் என்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் அது.

பதற்ற நோய் 'விசுவாசமின்மை' ஆகிறது. மார்பு படபடத்து மூச்சு முட்டும் பீதித் தாக்கத்தை ஒரு முறை அனுபவித்தவருக்கு, கவலைப்படாதே என்ற கட்டளை இன்னொரு கவலையைக் கூட்டுகிறது.

இவற்றில் அதிகம் தெரியாததும் விசுவாசிகளை அதிகம் வதைப்பதும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) மத வடிவம். கைகழுவிக்கொண்டே இருப்பது போலவே, பாவ அறிக்கை செய்துகொண்டே இருப்பதும் அந்நோயின் ஒரு முகம். பரிசுத்த ஆவிக்கு விரோதமான மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ, இராப்போஜனத்தைத் தகுதியில்லாமல் எடுத்தேனோ, ஜெபத்தின் நடுவில் வந்த அசிங்கமான எண்ணம் என்னுடையதுதானோ என்று மனம் ஓயாமல் சுற்றும். மார்ட்டின் லூதர் இளம் துறவியாக இருந்தபோது ஆறு மணி நேரம் வரை பாவ அறிக்கை செய்ததாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டாப்பிட்ஸ் பாடு பெரும் பாடு. இந்த நோயில் நல்ல போதகரின் நல்ல மனமே கெடுதலாகும் ஆபத்து உண்டு. மாணவி தினமும் இரவு வந்து, "ஐயா, எனக்கு மன்னிப்பு உண்டுங்களா?" என்று கேட்க, ஐயரும் தினமும் இரவு "உண்டும்மா" என்கிறார். அந்த ஆறுதல் ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு ஐயம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். ஒவ்வொரு உறுதிமொழியும் நோய்க்கு இரை. சிகிச்சையில் இதற்கு நேர் எதிரான பயிற்சி தரப்படுகிறது: ஐயத்தை வரவிட்டு, அதற்கு விடை தேடாமல், அறிக்கை செய்யாமல் இருந்து பழகுவது. மருத்துவரும் போதகரும் ஒருமுறை கலந்து பேசினால் பாதி வேலை குறையும்.

குரல்கள் கேட்கும் நோயும், மனம் கட்டுக்கடங்காமல் பொங்கும் இருமுனை நோயும் தொடங்கும் வயது இதே கல்லூரி வயது. பொங்கும் கட்டத்தில் இருப்பவர் இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு இரவெல்லாம் ஜெபிப்பார், தனக்குச் சிறப்பான வெளிப்பாடு கிடைத்ததாகச் சொல்வார், கையிலிருக்கும் கட்டணப் பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். முதல் சில நாள் சபை இதை அபிஷேகம் என்று கொண்டாடுவதும், நிலைமை மீறியதும் பிசாசு என்று பயப்படுவதும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தூங்காத மூளை ஒன்று இருப்பது கண்ணில் படுவதில்லை. இருமுனை நோய் உள்ளவருக்கு முழு இரவு ஜெபம் நோயைக் கிளப்பிவிடக்கூடும். லித்தியம் மாத்திரை எடுப்பவர் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சு நிலைக்கு ஏறலாம். அது உயிர் விஷயம். உபவாசத்தை விட்டுவிடத் தேவையில்லை, தபசுக் காலத்தில் கைப்பேசியையோ இறைச்சியையோ விடுவதும் உபவாசம்தான். மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்பதில் வெட்கம் இல்லை.

தற்கொலை எண்ணம் பற்றி ஒரு செய்தி தனியே சொல்லத்தக்கது. அந்த எண்ணம் வந்ததாலேயே நரகம் நிச்சயம் என்று நம்பி, அதனால் யாரிடமும் வாய் திறக்காத மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் திருச்சபை தற்கொலையால் இறந்தோருக்குக் கல்லறை அடக்கமே மறுத்தது. அந்த அச்சத்தின் மிச்சம் இது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், கடும் மனநலக் கோளாறும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், தற்கொலையால் இறந்தோரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் சொல்கிறது. நாட்டுச் சட்டமும் இதே திசையில் வந்திருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

ஜெபம் உதவுகிறதா

உதவுகிறது, எந்தக் கடவுளிடம் என்பதைப் பொறுத்து. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர். கடவுள் உடனிருக்கிறார், சபை தாங்குகிறது என்ற வகையில் துன்பத்தை எதிர்கொள்வோர் நன்றாகவே தேறுகிறார்கள். கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார், இது பிசாசின் வேலை என்று எண்ணுவோருக்கு மதமே பாரமாகிறது. அவரும் ஹெரால்ட் கோனிக் முதலியோரும் மருத்துவமனையில் சேர்ந்த 596 முதியவர்களை இரண்டாண்டு தொடர்ந்து பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாம் வகை எண்ணம் உடையோர் மற்றவர்களைவிட இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். விசுவாசத்தை எடைபோடுவதைவிட, அந்த விசுவாசத்தில் கடவுளுக்கு என்ன முகம் இருக்கிறது என்று கேட்பது பயனுள்ள கேள்வி. மாணவரிடம் பேசும் போதகருக்கும் ஆலோசகருக்கும் அது பொருந்தும்.

வழிபாட்டிடம் மனநோயாளிகளுக்கு அடைக்கலமாவது தமிழ்நாட்டில் எல்லா மதத்திலும் உண்டு. குணசீலம் பெருமாள் கோயில், தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலம், ஏர்வாடி தர்கா எல்லாம் அதற்குப் பெயர் பெற்றவை. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சகாக்களும் தென்னிந்தியக் கிராமத்து முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே அடியோ சங்கிலியோ சிறப்புச் சடங்கோ இல்லை. கூட ஓர் உறவினர் இருந்தார், கோயில் வேலைகளில் பங்கு இருந்தது, அமைதி இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். இரண்டையும் 'நம்பிக்கைச் சிகிச்சை' என்ற ஒரே சொல்லில் அடக்க முடியாது.

கிறிஸ்தவர்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான முன்மாதிரி வேலூரில் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் திறந்தது. கனடாவிலிருந்து வந்த ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் அதற்கு வித்திட்டவர். மனநோயாளியை மதில் சுவருக்குள் தள்ளிப் பூட்டுவது வழக்கமாயிருந்த காலத்தில், உறவினர் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்கிச் சமைத்து, கவனித்து, நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பது அந்த மையத்தின் முறை. அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்ததும் இதே காலத்தில்தான். ஜெபத்தையும் மாத்திரையையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று நினைக்கும் சபைகள், தங்கள் காணிக்கையில் கட்டப்பட்ட மருத்துவமனைகளின் வரலாற்றைத் திருப்பிப் பார்க்கலாம்.

மனச்சோர்வு போதகர்களையும் விட்டுவைப்பதில்லை. லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1856 அக்டோபரில் பெரும் அரங்கம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ நெருப்பு என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். ஸ்பர்ஜனுக்கு அப்போது 22 வயது, இறுதியாண்டு மாணவர் வயது. மனச்சோர்வு அதன் பின் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு விலகவில்லை. ஊழியத்துக்குப் படிக்கும் தம் மாணவர்களுக்கு அதைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஒதுக்கி, இது உங்களுக்கும் வரும், வெட்கப்படாதீர்கள் என்ற கருத்தில் பேசினார்.

யாரிடம் போவது

கிறிஸ்தவக் கல்லூரிகளில் 'கவுன்சலிங்' என்ற சொல் இரண்டு வேலைகளைக் குறிப்பதால் குழப்பம் வருகிறது. வசனம் சொல்லி ஜெபிக்கும் போதக ஆலோசனை ஒன்று. பயிற்சி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் தரும் பேச்சுச் சிகிச்சை இன்னொன்று. இந்த இருவருக்கும் மருந்து எழுதும் தகுதி இல்லை; அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பி.எஸ்.ஜி. மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கும் மருந்துக்கும் செலவில்லை. அரசின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தொடங்கியது. தற்கொலைத் தடுப்புக்காக லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய சிநேகாவின் எண் 044–24640050.

பதினெட்டு வயது நிறைந்தவர் சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் நோயைப் பகிர்வதற்கு அப்படி ஒரு விதிவிலக்கும் இல்லை. பெயரை விட்டு, "இரண்டாம் ஆண்டு தங்கச்சி ஒருத்திக்காக" என்று எழுதினாலும் ஹாஸ்டலில் யார் என்று தெரிந்துவிடும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுக்தேவ் சாகா வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது. சிறுபான்மைக் கல்லூரியின் குருவானவர் அந்தப் பணியிடத்தை நிரப்பிவிட்டதாகக் கணக்குக் காட்ட முடியாது.

மருந்து தொடங்கியவர் அறிந்திருக்க வேண்டியவை சில. மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் வருவது வழக்கம், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இவை மதுவைப் போல் அடிமையாக்குவதில்லை, ஆனால் நினைத்த நாளில் நிறுத்தக் கூடாது. எழுப்புதல் கூட்டத்தில் சுகம் கிடைத்தது என்று மாத்திரைப் பட்டையை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வருவோர் உண்டு. சில வாரங்கள் நன்றாக இருப்பார்கள், பழைய மருந்தின் பலன் அதற்குள் கரைந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய்க்காரர் இன்சுலினை அப்படி ஒப்படைத்தால் அதே சபையார் பதறுவார்கள். சுகம் கிடைத்திருந்தால் மருத்துவரும் அதைக் காண்பார். அளவைக் குறைத்துக்கொண்டு வந்து நிறுத்துவதற்கு முறை இருக்கிறது.

வகுப்புக்குத் திரும்பும்போது வரும் சிக்கல்கள் மிகச் சாதாரணமானவை. பொறியியல் கல்லூரிகளில் வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக 65 வரை விலக்கு கேட்பது வழக்கம், அதற்குச் சான்றிதழ் வைக்க வேண்டும். மனநலப் பிரிவு முத்திரையிட்ட காகிதத்தைத் துறை அலுவலகத்தில் கொடுக்கத் தயங்கி, வருகைக் குறைவோடு ஓராண்டை இழப்பவர்கள் இருக்கிறார்கள். துறைத்தலைவரிடம் நேரில், மூடிய உறையில் கொடுக்கலாம். இரவு மாத்திரை சில நேரம் காலையில் மந்தமாக்கும்; ஆறு மணிக் கூட்டு ஜெபத்துக்கு எழுந்திருக்க முடியாது. தனிமையில் வேதம் வாசித்து ஜெபிக்கும் அமைதி வேளையை மாலைக்கு மாற்றிக்கொண்டு, ஐக்கியத்து அண்ணனிடம் காரணத்தை ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். மறுநாள் காலை அவர் கதவைத் தட்டாமல், மெஸ்ஸில் ஒரு தட்டு இட்லி எடுத்து வைத்திருப்பார்.